குரல் இல்லாமல் செபித்த காலம்

கத்தி வைப்பதற்கு முன்பே வைத்தியர் சொல்லியிருந்தார். கழுத்துக் கழலையை எடுக்கும்போது அதற்குப் பின்னால் ஓடும் மெல்லிய நரம்பு இழுபடக்கூடும், அப்படி நடந்தால் குரல் போகலாம், அபூர்வம்தான், ஆனாலும் சொல்லவேண்டியது என் கடமை என்றார். நான் தலையாட்டினேன். எனக்கு அது நடக்கும் என்று நினைக்கவில்லை. திருகோணமலையில் ஒரு பெண்கள் பாடசாலையில் சங்கீதம் படிப்பிக்கிறவள் நான். ஞாயிறு பூசையில் பதிலுரைப் பாடலைப் பாடுகிறவளும் நான்தான். இந்தக் குரல் ஆண்டவருக்குத் தேவை என்றொரு எண்ணம் எனக்கு உள்ளூர இருந்தது.

கொழும்பு ஆஸ்பத்திரி வார்ட்டில் கண் விழித்தபோது தாதி என் பெயரைக் கேட்டாள். வாயைத் திறந்தேன். சைக்கிள் ரியூபில் ஓட்டை விழுந்தாற்போல் காற்று மட்டும் போனது. மயக்கம் முழுதாகத் தெளியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். மறுநாளும் காற்றுத்தான் வந்தது.

வைத்தியர் வந்து தொண்டைக்குள் கருவியை விட்டுப் பார்த்தார். இடது பக்கக் குரல்நாண் அசையவில்லை என்றார். “நரம்பு அறுபடேல்ல. இழுபட்டிருக்கு. திரும்பி வரலாம். ஆறு மாசம் ஆகலாம், ஒரு வருசம் ஆகலாம்.”

“வராமலும் விடலாமோ டொக்டர்?” என்று என் கணவர் கேட்டார்.

“ஓம், அதுவும் இருக்கு.”

“அப்ப என்ன மருந்து எடுக்கிறது?”

“மருந்தில்லை. பயிற்சி இருக்கு. மற்றபடி காத்திருக்கிறதுதான்.”

ஊர் திரும்பும் வழி முழுக்கக் கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். ஹபரணைக் காட்டைத் தாண்டும்போது, “நான் கதைக்கிறன், நீர் கேட்டுக்கொண்டிரும்” என்றார். துறைமுகத்தில் இழுவைப் படகில் இயந்திரம் பார்க்கிறவர். இயற்கையிலேயே வாய் திறக்காத மனிதர். எங்கள் வீட்டில் கதையெல்லாம் நான்தான். அன்றைக்கு அவர் ஒரு பெரிய கப்பலை உள்ளே கொண்டுவந்த கதையைத் தொடங்கி, நடுவில் எங்கே விட்டோம் என்று தெரியாமல் நிறுத்திவிட்டார்.

குரலில்லாமல் இருந்து பார்த்தால்தான் சில விசயங்கள் தெரியும். குசுகுசுப்பவரிடம் எல்லோரும் குசுகுசுத்தே பதில் சொல்வார்கள். மரக்கறிக் கடைக்காரர், “தக்காளி எவ்வளவு வேணும் டீச்சர்?” என்று ஏதோ இரகசியம் கேட்பதுபோலக் கேட்டார். என் மகளும் அப்படித்தான். அவளுக்கு அப்போது எட்டு வயது. வீட்டுக்குள் வரும்போதே குரலைத் தணித்துக்கொண்டு வருவாள். இந்தப் பிள்ளை சத்தம் போட்டு விளையாடுவதையும் நான் எடுத்துக்கொண்டுவிட்டேனே என்று இருக்கும். குசினியிலிருந்து யாரையாவது கூப்பிடவேண்டும் என்றால் சட்டி மூடியைக் கரண்டியால் தட்டுவேன். முதலில் சிரிப்பாக இருந்தது. பிறகு அந்தச் சத்தத்தைக் கேட்கவே பிடிக்கவில்லை.

பாடசாலையில் அதிபர் என்னை நூலகத்துக்கு மாற்றினார். இரக்கத்தோடு செய்ததுதான். நூலகத்துக்கு மேலேதான் சங்கீத அறை. எனக்குப் பதிலாக வந்தவர் சரளி வரிசை சொல்லிக்கொடுப்பதும், பிள்ளைகள் பஞ்சமத்தில் வழுக்குவதும் கேட்டுக்கொண்டே இருக்கும்.

ஒவ்வொரு நாளும் காலையில் கண் திறந்தவுடன் செய்கிற முதல் வேலை “ஆ” என்று சொல்லிப் பார்ப்பது. வரவில்லை என்றால் அந்த நாள் அங்கேயே முடிந்துவிடும். பிறகு நடப்பதெல்லாம் வெறும் வேலை. ஆண்டவரே, நாளைக்காவது என்று கேட்பேன். நாளை வரும். மறுபடி “ஆ”. மறுபடி காற்று.

எங்கள் செபக்குழுவில் ஒரு பெண்மணி இருக்கிறார். என்னைவிடச் சில வயது மூத்தவர். கோவில் காரியம் எதுவென்றாலும் முன்னால் நிற்பவர். என் தலையில் கை வைத்து உரத்த குரலில் செபித்தார். சில வாரங்கள் கழித்தும் மாற்றம் இல்லை என்றதும், பூசை முடிந்து வெளியே வந்த இடத்தில், “மனசுக்குள்ள எங்கயோ சந்தேகம் வைச்சிருக்கிறீங்கள் போல. விசுவாசம் காணாது, இன்னும் வேணும்” என்றார். தேவதூதன் சொன்னதை நம்பாமல் வாயடைத்துப்போன முதிய குருவின் கதையையும் நினைவுபடுத்தினார். நற்செய்தியில் வருவதுதான். நானே மறைக்கல்வி வகுப்பில் எத்தனையோ தடவை சொன்னதுதான்.

எனக்குப் பதில் சொல்ல ஆசையாக இருந்தது. ஆனால் கோபத்தைக் குசுகுசுக்க ஏலாது. கோபத்துக்குச் சத்தம் வேண்டும். வீட்டுக்கு வந்து அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அந்த அழுகைக்கும் சத்தம் இல்லை.

அதற்குப் பிறகு கொஞ்சக் காலம் பூசைக்குப் போகப் பிடிக்கவில்லை. பங்குச் சுவாமியைப் போய்க் கண்டேன். கைபேசியில் எழுதிக் காட்டினேன்: “ஆண்டவர் கேட்கிறாரா?” சுவாமி அதை வாசித்துவிட்டுக் கைபேசியை மேசையில் வைத்தார்.

“எனக்குத் தெரிஞ்ச பதிலெல்லாம் உங்களுக்கும் தெரியும்” என்றார். “அதுகளை இப்ப நான் திருப்பிச் சொன்னால் உங்களுக்குக் கோவம்தான் வரும். ஒண்டு மட்டும் செய்யுங்கோ. ஞாயிற்றுக்கிழமை வந்து பாடகர் குழாத்தோடயே இருங்கோ.”

என் தொண்டையைத் தொட்டுக் காட்டினேன்.

“பாடச் சொல்லேல்ல. இருங்கோ எண்டுதான் சொல்லுறன்.”

போய் இருந்தேன். பாட்டுப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டு பாடகர்கள் உட்காரும் நீள வாங்கில் இருப்பது எவ்வளவு வெட்கம் என்று அனுபவித்தால்தான் புரியும். ஆனால் அத்தனை வருடங்கள் அந்த வாங்கில் இருந்தும் பக்கத்தில் நின்றவர்களின் குரலை நான் கேட்டதே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. சுருதி பிசகினால் மட்டும் என் காதில் விழும். இப்போது ஒரு தையல்காரப் பெண் ஒவ்வொரு வரியின் கடைசியிலும் மூச்சு வாங்குவது கேட்டது. ஆர்மோனியக்காரர் கண்ணை மூடிக்கொண்டு வாசிப்பதும் தெரிந்தது.

பயிற்சிக்காக என்னை எங்கள் வைத்தியசாலையின் பேச்சுச் சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பியிருந்தார்கள். அங்கே வேலை செய்தவர் கிண்ணியாவைச் சேர்ந்த ஓர் இளம் முஸ்லிம் பெண். எல்லோரும் அவரை மிஸ் என்போம். ஒரு போத்தலில் பாதிக்குத் தண்ணீர் நிரப்பி, குழலை வைத்து, குமிழி வரும்படி ஊதிக்கொண்டே “ம்” என்று முனகச் சொல்வார். சுவரில் கைகளை ஊன்றித் தள்ளிக்கொண்டு “ஆ” சொல்லச் சொல்வார். முதல் நாளே, “வருமா மிஸ்?” என்று எழுதிக் காட்டினேன்.

“வரும் எண்டு சொன்னால் பொய், வராது எண்டு சொன்னாலும் பொய். நாங்க செய்யிறத செய்வம் டீச்சர். மிச்சம் படைச்சவன்ட கையில.”

அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது.

அதே கிளினிக் நாளில் சம்பூரிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் வருவார்கள். ஐம்பதைத் தாண்டியவர்கள். அவர் கரைவலை இழுத்தவர். பாரிசவாதம் வந்து வலக்கையும் பேச்சும் போய்விட்டன. “ஓம்” என்ற ஒரு சொல் மட்டும் மிச்சம் இருந்தது.

“பசிக்குதோ எண்டால் ஓம். பசிக்கேல்லையோ எண்டாலும் ஓம்” என்று அவருடைய மனைவி முதல் நாள் என்னிடம் சொன்னார். “என்னைக் கட்டினது பிழையாப் போச்சுதோ எண்டு கேட்டுப் பாத்தன். அதுக்கும் ஓம்.” சொல்லிவிட்டுச் சிரித்தார். அவரும் பக்கத்தில் இருந்து, கோணலாக, சிரித்தார். அவருக்கு எல்லாம் விளங்குகிறது, சொல்ல மட்டும் வராது. எனக்கு நேர்மாறு. சொல்லெல்லாம் இருக்கிறது, சத்தம் இல்லை.

விறாந்தையில் காத்திருக்கும்போது அந்த அக்கா பழைய கதைகள் சொல்வார். போர் நேரம் சம்பூரை விட்டு ஓடியது, முகாம் முகாமாக வருடக்கணக்கில் இருந்தது.

“அடுத்த மாசம் ஊருக்கு விடுறாங்களாம் எண்டு ஒவ்வொரு மாசமும் கதை வரும் டீச்சர். முதல்ல எல்லாம் கதை வந்த உடன சாமானைக் கட்டி வைப்பன். பிறகு திருப்பி அவிழ்க்கேக்க உயிர் போகும். பேந்து கட்டுறதை விட்டிட்டன்.”

“நம்பிக்கை விட்டுப்போச்சோ?” என்று குசுகுசுத்தேன்.

“இல்லை இல்லை. கட்டுறதைத்தான் விட்டனான். வீட்டைப் பற்றிக் கதைக்கிறதை விடேல்ல. குசினியைக் கிணத்தடிப் பக்கம் வைக்கிறதோ, வாசல் பக்கம் வைக்கிறதோ எண்டு இவரோட ஒரே சண்டை. காணியே கையில இல்லை, குசினிக்குச் சண்டை!”

“கடைசியில எங்க வைச்சனீங்கள்?”

“கிணத்தடியில. இவர்தான் வெண்டவர்.”

அன்று பின்னேரம் வீட்டுக்கு நடந்து வரும்போது அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். நான் ஒவ்வொரு காலையும் சாமான் கட்டிக்கொண்டிருந்தேன். கட்டுவதும், அவிழ்ப்பதும், அவிழ்க்கும்போது உயிர் போவதும். அதைத்தான் செபம் என்று நினைத்திருந்தேன். காத்திருப்பது என்றால் எந்த நாள் என்று கேட்டு நச்சரிப்பது அல்லப் போலும். கிடைக்கப்போகும் வீட்டில் இப்போதே கொஞ்சம் குடியிருந்து பார்ப்பதோ? மறுநாள் காலையில் “ஆ” சொல்லிப் பார்க்காமல் எழுந்தேன். கஷ்டமாகத்தான் இருந்தது. நாக்கு வரைக்கும் வந்ததை விழுங்கிவிட்டுத் தேத்தண்ணி வைக்கப் போனேன்.

தவக்காலம் முடியும் தறுவாயில் அது நடந்தது. மிஸ் உள்ளே வேறொரு நோயாளியோடு இருந்தார். நான் விறாந்தை வாங்கில் போத்தலும் குழலுமாக இருந்து ஊதிக்கொண்டிருந்தேன். பழக்கதோசம், ஊதுவதைக்கூடத் தாளத்தில்தான் ஊதுவேன். நீட்டி ஒன்று, குறுக்கி இரண்டு. பக்கத்தில் இருந்தவருடைய இடது கை தொடையில் அதே தாளத்தைத் தட்டத் தொடங்கியது. நான் நிறுத்தவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒரு முனகல். பிறகு அவர் தலையை நிமிர்த்தி, “ஏலேலோ” என்று எடுத்தார். கரையில் ஆட்கள் வரிசையாக நின்று வலை இழுக்கும்போது பாடுகிற அம்பாப் பாட்டு. ஒரு வரி இல்லை, நாலைந்து வரி, சொல் பிசகாமல், விறாந்தை முழுக்கக் கேட்கும்படி பாடினார். கிளினிக்குக்கு வந்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அக்கா எழும்பி நின்றுவிட்டார். “கதைக்கிறார்! டீச்சர், இவர் கதைக்கிறார்!”

மிஸ் கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்தார். பேச்சு இருக்கிற இடமும் பாட்டு இருக்கிற இடமும் மூளையில் ஒன்றில்லை, இப்படியானவர்கள் சிலருக்குப் பாட வரும், தானும் இரண்டு சினிமாப் பாட்டுப் போட்டுப் பார்த்ததாகவும் எடுபடவில்லை என்றும் சொன்னார். “அவர்ட பாட்டு இதுதான் எண்டு எனக்குத் தெரியாமப் போயிட்டு.” பிறகு என்னைப் பார்த்தார். “டீச்சர், நீங்க இவரோட வேலை செய்து தருவீங்களா?”

நான் தொண்டையைத் தொட்டேன்.

“குரல் அவரிட்ட இருக்கு. உங்கட கையும் வாயசைவும் போதும்.”

அப்படித்தான் தொடங்கினோம். அவருக்கு எதிரே கதிரையைப் போட்டு உட்காருவேன். அவருடைய இடது கையைப் பிடித்துத் தாளம் போடுவேன். சொற்களை வாயால் மட்டும் பெரிதாக அசைத்துக் காட்டுவேன். அவர் பாடுவார். அம்பா மெட்டு அவருக்குப் படிந்த பிறகு அதே மெட்டில் வீட்டுச் சொற்களைப் போட்டேன். “தண்ணி தாரும்.” “கால் நோகுது.” முதலில் சொல் நழுவிப் பழைய வரிக்கே போய்விடும். வலை, கடல், கயிறு என்று. மறுபடி கையைத் தட்டுவேன். நடுவில் ஒரு மாதம் ஒன்றுமே நடக்கவில்லை. அவர் கோபத்தில் கையை உதறிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார். அந்தக் கோபத்தை எனக்குத் தெரியும். அதனால் நான் அசையாமல் இருப்பேன்.

ஒருநாள் அக்கா மருந்து எடுக்கப் போய்விட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தார். அவரைக் கண்டதும் இவர், மெட்டுக்குப் பாதி, பேச்சுக்குப் பாதியாக, “இஞ்சாரும்” என்றார்.

எங்கள் பக்கத்தில் கணவன் மனைவியைக் கூப்பிடுகிற சொல் அது. ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஒவ்வொரு வீட்டிலும் கேட்கிற சொல். அக்கா மருந்துப் பையோடு அப்படியே நின்றார். கிட்ட வந்து அவருடைய முழங்காலடியில் நிலத்தில் இருந்தார்.

“விழுந்த நாளில இருந்து என்னை ஒருத்தரும் இப்பிடிக் கூப்பிடேல்ல” என்றார். பிறகு என்னிடம், “திரும்பச் சொல்லச் சொல்லுங்கோ டீச்சர்” என்றார்.

நான் கையைத் தட்டினேன். அவர் திரும்பச் சொன்னார்.

இதற்கிடையில், நாங்கள் தொடங்கிய சில நாட்களிலேயே, தவக்காலத்தின் கடைசி வாரமான பெரிய கிழமையும் வந்துபோனது. பெரிய சனி காலை கோவிலைக் கூட்டிக் கழுவ நாலைந்து பேர் போயிருந்தோம். பெரிய வெள்ளிக்கும் உயிர்ப்புப் பாஸ்காவுக்கும் நடுவில் வருகிற அந்த நாளைப் பற்றி அதற்கு முன் நான் யோசித்ததில்லை. எனக்கு அது பாட்டு ஒத்திகை பார்க்கிற நாள் மட்டும்தான். பீடத்தில் துணி இல்லை. நற்கருணைப் பேழை வெறுமையாக, கதவு திறந்தபடி. நான் முழந்தாளில் இருந்து நிலத்தில் ஒட்டிய மெழுகைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது அந்தத் திறந்த கதவு கண்ணில் பட்டது. ஆண்டவருக்கும் இப்படி ஒரு நாள் இருந்திருக்கிறது. கல்லறைக்குள், ஒரு சொல்லும் இல்லாமல், வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு எதுவுமே நடக்காத ஒரு நாள். அவருடைய ஆட்களுக்கு அடுத்த நாள் என்ன என்று தெரியாது. நமக்குத் தெரியும் என்பதால் அந்த நாளை அவசரமாகத் தாண்டிவிடுகிறோம். அவர் அதைத் தாண்டவில்லை. அதற்குள் கிடந்தார். நான் கிடக்கிற இடம் அவர் அறியாத இடம் இல்லை என்று தோன்றியது. அதற்கு மேல் ஒன்றும் எனக்குத் தெளிவாகவில்லை. அது போதுமாக இருந்தது. மெழுகு முழுதும் போகும்வரை சுரண்டிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

என் குரல் வந்தது மழை தொடங்கிய ஒரு சாதாரண நாளில். கடலிலிருந்து சாரல் வீட்டுக்குள் அடித்துக்கொண்டிருந்தது. மகள் வாசலில் நின்று தண்ணீரில் காலை விட்டு விளையாடிக்கொண்டிருந்தாள். “கதவைச் சாத்து” என்றேன். அவள் விறைத்துப்போய்த் திரும்பினாள். எனக்கே யார் சொன்னது என்று விளங்கவில்லை. கரகரத்த, தடித்த, ஆண்பிள்ளைக் குரல்.

“அம்மா, திரும்பச் சொல்லுங்கோ” என்றாள்.

“கதவைச் சாத்து.”

அவள் கதவைச் சாத்தவில்லை. “அப்பா! அம்மா ஏசுறா!” என்று கத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். அவள் அப்படிக் கத்தி எவ்வளவோ காலம். இரவு வேலை முடித்து வந்து படுத்திருந்த கணவர் எழும்பி வந்து, என்னைப் பார்த்துவிட்டுத் தானே போய்க் கதவைச் சாத்தினார். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வருவதாகச் சொல்லிவிட்டு நெடுநேரம் கிணற்றடியில் நின்றார்.

வைத்தியர் மறுபடி கருவியை விட்டுத் திரையில் காட்டினார். இடது நாண் இன்னும் அசையவில்லை. அது விழுந்த இடத்திலேயே கிடக்கிறது. வலது நாண் தன் எல்லையைத் தாண்டி நடுக்கோட்டுக்கு அப்பால் வந்து அதைத் தொடப் பழகியிருக்கிறது. அதில்தான் சத்தம் வருகிறது. “பழைய குரல் வராது” என்றார். “பேச்சுக்குப் பிரச்சினை இல்லை. மேல் ஸ்தாயியை மறந்திடுங்கோ.”

நான் கேட்டது அதுவல்ல. கேட்டது கிடைக்கவில்லை என்று மூலையில் இருந்து அழுத நாட்களும் உண்டு. மேல் ஷட்ஜத்தை நினைத்தால் இப்போதும் நெஞ்சு கனக்கும். சிறிய ஒலிவாங்கி ஒன்றைச் சட்டையில் குத்திக்கொண்டு வகுப்பெடுக்கிறேன். பதிலுரைப் பாடலை அந்தத் தையல்காரப் பெண் பாடுகிறாள். மூச்சை எங்கே எடுப்பது என்று சொல்லிக்கொடுத்தேன். நன்றாகவே பாடுகிறாள்.

குரல் வந்த செய்தி பரவியதும் செபக்குழுப் பெண்மணி வீட்டுக்கு வந்தார். “ஞாயிறு பூசை முடிய நீங்கள் சாட்சி சொல்லவேணும். பாத்தீங்களோ, விசுவாசிச்சதால கிடைச்சது.”

“நான் என்னத்தைச் சொல்ல?” என்றேன். “விசுவாசிச்ச நாளும் இருந்தது, விசுவாசிக்காத நாளும் இருந்தது. ரெண்டு நாளும் சத்தம் வரேல்ல. வந்த நாளில நான் அதை நினைக்கவேயில்லை. குரல் வராமல் விட்டிருந்தாலும் நான் அந்த வாங்கிலதான் இருந்திருப்பன். அதைச் சொல்லட்டோ?”

வைத்த தேத்தண்ணியை அவர் தள்ளி வைத்தார். அவருக்குக் கோபம் என்றுதான் நினைத்தேன். பார்த்தால் முந்தானை நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

“என்ர தம்பியைத் தெரியும்தானே” என்றார்.

தெரியும். ஊரில் எல்லோருக்கும் தெரியும். போரின் கடைசிக் காலத்தில் காணாமல்போனவர். அவருடைய படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு இந்த அக்கா எத்தனையோ வெயிலில் தெருப் போராட்டத்தில் இருந்திருக்கிறார்.

“ஒவ்வொரு நாளும் நான் எனக்கே சொல்லிக்கொள்ளுறன். உனக்கு விசுவாசம் காணாது, காணுமெண்டால் அவன் வந்திருப்பான் எண்டு. உங்களுக்கும் அதைத்தான் சொன்னனான்.” முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். “எனக்கு வேற மாதிரிச் சொல்லத் தெரியேல்ல.”

ஒரு வருடத்தில் எனக்குப் பாதிக் குரல் கிடைத்தது. இந்த மனுசி ஒன்றும் கிடைக்காமல் அத்தனை வருடங்கள் கோவிலைக் கூட்டிக் கழுவி, மற்றவர்களின் தலையில் கை வைத்து, தன் தலையில் மட்டும் பழியை வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறார்.

பக்கத்தில் போய் இருந்தேன். “உங்களில பிழையில்லை அக்கா” என்றேன். என் புதிய குரல் அந்தச் சொற்களுக்குப் பொருந்தாமல் கரடுமுரடாக ஒலித்தது. அவர் என் தோளில் சாய்ந்தார்.

நான் சாட்சி சொல்லவில்லை. அடுத்த வெள்ளியிலிருந்து செபமாலைக்கு நாங்கள் இருவரும் ஒரே வாங்கில் இருக்கிறோம். தம்பியின் பெயரை அவர் சொல்வார். அவர் குரல் நிற்கும் இடத்திலிருந்து மிச்சச் செபத்தை நான் சொல்வேன்.